கணித நூலகத்தை நிரலில் சேர்த்தலும் இணைத்தலும்

சி மொழியில் எழுதப்படும் ஒரு நிரலுக்கு வர்க்கமூலம், சைன், மடக்கை போன்றவை தேவைப்பட்டால், அவற்றைக் கணிக்கும் செயற்கூறுகளை நிரலர் தாமே எழுதுவதில்லை. ஏற்கெனவே எழுதிச் சோதித்து, கணித நூலகம் ஒன்றில் வைக்கப்பட்டிருப்பவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார். இதற்கு அவர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, நிரலின் தொடக்கத்தில் உரிய தலைப்புக் கோப்பைச் சேர்த்தல். இரண்டாவது, நிரலைத் தொகுக்கும்போது நூலகத்தை அதனுடன் இணைத்தல். இவ்விரண்டும் வெவ்வேறு கட்டங்களில், வெவ்வேறு மென்பொருள்களால், வெவ்வேறு நோக்கத்துக்காகச் செய்யப்படுபவை. "தலைப்புக் கோப்பைச் சேர்த்துவிட்டேன், பிறகும் ஏன் செயற்கூறு கிடைக்கவில்லை என்கிறது?" என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்பதற்குக் காரணம், இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதே.

இக்கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை உரிய ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். விளக்கம் லினக்சு இயங்குதளத்தையும் ஜிசிசி தொகுப்பியையும் அடிப்படையாகக் கொண்டது.

நான்கு கட்டங்கள்

ஜிசிசி என்று ஒரே கட்டளை கொடுத்தாலும், உள்ளே நான்கு வேலைகள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன.

1. முன்செயலி: '#இன்க்ளூட்' என்று தொடங்கும் வரிகளைப் பார்த்து, அங்கே குறிப்பிட்ட தலைப்புக் கோப்பின் உள்ளடக்கத்தை அந்த இடத்திலேயே நகலெடுத்து வைக்கிறது.
2. தொகுப்பி: சி மொழி வாக்கியங்களைச் சரிபார்த்து அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது.
3. அசெம்பிளர்: அதைப் பொறிமொழிக்கு மாற்றி ஆப்ஜெக்ட் கோப்பாக எழுதுகிறது.
4. இணைப்பி: ஆப்ஜெக்ட் கோப்புகளையும் நூலகங்களையும் ஒன்றுசேர்த்து, இயங்கக்கூடிய கோப்பை உருவாக்குகிறது.

தலைப்புக் கோப்பின் வேலை முதல் இரண்டு கட்டங்களோடு முடிந்துவிடுகிறது. நூலகம் நான்காம் கட்டத்தில்தான் உள்ளே வருகிறது. எந்தக் கட்டத்தில் தடை ஏற்பட்டது என்று தெரிந்துகொண்டால், பிழையில் பாதி தீர்ந்தது போலத்தான்.

தலைப்புக் கோப்பு தருவது

'மேத்.எச்' என்ற தலைப்புக் கோப்பில் வர்க்கமூலம் காணும் வழிமுறை இல்லை. 'எஸ்க்யூஆர்டி' என்ற பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, அது 'டபுள்' வகை எண் ஒன்றைப் பெற்று 'டபுள்' வகை எண் ஒன்றைத் திருப்பித் தரும் என்ற அறிவிப்பு மட்டுமே அதில் இருக்கும். இந்த அறிவிப்பை முன்வடிவம் என்பர்.

வடிவியலில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஒரு கணக்கைச் செய்யும்போது "பிதாகரசு தேற்றத்தின்படி" என்று எழுதி மேலே செல்கிறோம். தேற்றத்தின் கூற்று தெரிந்தால் போதும், அதைப் பயன்படுத்தலாம். அதன் நிரூபணம் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. தலைப்புக் கோப்பு தருவது கூற்றை. நூலகத்தில் இருப்பது நிரூபணம்.

முன்வடிவத்தைக் கொண்டு தொகுப்பி இரண்டு பயன்களைப் பெறுகிறது. செயற்கூறுக்குத் தரப்படும் மதிப்புகளின் எண்ணிக்கையும் வகையும் சரியா என்று பார்க்கிறது. தேவைப்படும் இடத்தில் வகைமாற்றமும் செய்கிறது. எடுத்துக்காட்டாக, எஸ்க்யூஆர்டி(2) என்று முழு எண்ணைக் கொடுத்தாலும், முன்வடிவம் தெரிந்த தொகுப்பி அதை 2.0 ஆக மாற்றியே அனுப்பும்.

நூலகம் தருவது

செயற்கூறின் பொறிமொழிக் குறிமுறை நூலகக் கோப்பில் இருக்கிறது. லினக்சில் கணித நூலகத்தின் பெயர் 'லிப்எம்'. நூலகங்கள் இருவகைப்படும்.

- நிலை நூலகம்: கோப்புப் பெயர் '.ஏ' என முடியும். தேவையான பகுதிகள் நிரலுக்குள்ளேயே நகலாகச் சேர்க்கப்படும்.
- பகிர்வு நூலகம்: கோப்புப் பெயர் '.எஸ்ஓ' என முடியும். இன்ன நூலகம் தேவை என்ற குறிப்பு மட்டுமே நிரலில் பதியும். நிரல் ஓடத் தொடங்கும்போது நூலகம் நினைவகத்துக்கு ஏற்றப்படும்.

இணைப்பிக்கு நூலகத்தைச் சுட்டிக்காட்டும் தெரிவு '-எல்' என்பது. சிறு கோடு, அதையடுத்துச் சிறிய எல் எழுத்து, அதன்பின் இடைவெளி விடாமல் நூலகத்தின் பெயர் என எழுத வேண்டும். பெயரின் முன்னுள்ள 'லிப்' என்பதையும் பின்னுள்ள '.எஸ்ஓ', '.ஏ' என்பனவற்றையும் விட்டுவிட வேண்டும். ஆகவே 'லிப்எம்' நூலகத்துக்கு '-எல்எம்' என்றாகிறது. சில எழுத்துருக்களில் சிறிய எல் எழுத்தும் 1 என்ற இலக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பயனரிடம் ஓர் எண்ணைப் பெற்று அதன் வர்க்கமூலத்தை அச்சிடும் நிரல் 'ரூட்.சி' என்ற கோப்பில் இருப்பதாகக் கொள்வோம். அதன் தொடக்கத்தில் இரண்டு வரிகள் உள்ளன:

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>
#இன்க்ளூட் <மேத்.எச்>

இதை இவ்வாறு தொகுக்க முயல்கிறோம்:

ஜிசிசி ரூட்.சி -ஓ ரூட்

முன்செயலியும் தொகுப்பியும் அசெம்பிளரும் குறை எதுவும் சொல்லமாட்டா. இணைப்பி மட்டும் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்க்யூஆர்டி" என்று கூறி நின்றுவிடும். அந்தப் பெயருக்கு உரிய குறிமுறை தனக்குக் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். மேத்.எச் கோப்பை எத்தனை முறை சேர்த்தாலும் இது தீராது. தீர்வு கட்டளை வரியில் இருக்கிறது:

ஜிசிசி ரூட்.சி -ஓ ரூட் -எல்எம்

எஸ்டிடிஐஓ.எச் கோப்பில் அறிவிக்கப்பட்ட 'பிரிண்ட்எஃப்' மட்டும் தனி இணைப்பு கேட்காமல் எப்படி வேலை செய்தது என்ற ஐயம் எழலாம். அது 'லிப்சி' என்னும் அடிப்படை நூலகத்தில் இருக்கிறது. லிப்சி நூலகத்தை ஜிசிசி கேளாமலே இணைத்துக்கொள்கிறது.

இணைக்காமலே ஓடும் நிரல்

மேற்கண்ட நிரலில் பயனரிடம் எண்ணைப் பெறாமல், எஸ்க்யூஆர்டி(2.0) என்று நேரடியாக எழுதிவிட்டால் -எல்எம் இல்லாமலே நிரல் ஓடிவிடும். இதைப் பார்த்துவிட்டு "என் கணினியில் அது தேவையில்லை" என்று முடிவு செய்பவர்கள் பலர்.

உண்மையில் நடப்பது வேறு. எஸ்க்யூஆர்டி என்பதன் பொருள் ஜிசிசிக்கே தெரியும். உள்ளே தரப்பட்ட எண் மாறிலியாக இருந்தால், தொகுக்கும்போதே விடையைக் கணித்து 1.414213... என்ற எண்ணைக் குறிமுறையில் எழுதிவிடுகிறது. ஓடும் நிரலில் எஸ்க்யூஆர்டிக்கு அழைப்பே இல்லாததால் இணைப்பி அதைத் தேடுவதில்லை. எண்ணை மாறியில் வைத்துப் பயனரிடம் கேட்டுப் பெற்றால், தொகுப்பிக்கு விடை முன்கூட்டித் தெரிய வழியில்லை. அப்போது நூலகம் தேவைப்படுகிறது.

'என்எம்' என்ற கட்டளையால் இதை நேரில் சரிபார்க்கலாம். ஜிசிசி -சி ரூட்.சி என்று கொடுத்து ஆப்ஜெக்ட் கோப்பை மட்டும் உருவாக்கி, என்எம் ரூட்.ஓ என்று கேட்டால் அதிலுள்ள பெயர்களின் பட்டியல் வரும். வெளியிலிருந்து வர வேண்டிய பெயர்களுக்கு முன் 'யூ' என்ற எழுத்து இருக்கும். முதல் நிரலில் எஸ்க்யூஆர்டிக்கு முன் அந்த எழுத்து இருக்கும். மாறிலி எழுதிய நிரலில் எஸ்க்யூஆர்டி என்ற பெயரே இராது.

கட்டளையில் வரிசை

இணைப்பி கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. நிலை நூலகம் ஒன்றைச் சந்திக்கும்போது, அதுவரை தேவைப்பட்டும் கிடைக்காத பெயர்கள் எவையோ அவற்றுக்குரிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே செல்கிறது. நூலகத்தை முதலில் எழுதி நிரலைப் பின்னால் எழுதினால், நூலகத்தைப் பார்க்கும் நேரத்தில் தேவை எதுவும் இருப்பதில்லை. தேவை எழும்போது நூலகம் கடந்து போயிருக்கும்.

பகிர்வு நூலகங்களிலும் இச்சிக்கல் உண்டு. உபுண்டு 11.10 பதிப்பிலிருந்து, தேவைப்படாத பகிர்வு நூலகங்களை விட்டுவிடும்படி இணைப்பி இயல்பாகவே அமைக்கப்பட்டது. எனவே -எல்எம் தெரிவை நிரலின் பெயருக்கு முன் எழுதினால் அங்கும் அதே பிழை தோன்றும். நூலகங்களை எப்போதும் நிரல் கோப்புகளுக்குப் பின்னால் எழுதுவது நல்லது. ஒரு நூலகம் இன்னொன்றைச் சார்ந்திருந்தால், சார்ந்திருப்பது முன்னும் சார்பிடம் பின்னுமாக வர வேண்டும்.

கணிதத்துக்கு ஏன் தனி நூலகம்

இப்பிரிவினை யூனிக்சு காலத்து மரபு. 1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட ஏழாம் பதிப்பு யூனிக்சின் கையேட்டிலேயே கணிதச் செயற்கூறுகள் தனிப்பிரிவாக வைக்கப்பட்டிருந்தன. அன்றைய பிடிபி-11 கணினி 16 பிட்டு முகவரி கொண்டது. பல பிடிபி-11 கணினிகளில் மிதவைப்புள்ளிக் கணக்கைச் செய்யும் வன்பொருளும் இல்லை. கோப்புகளையும் உரைகளையும் கையாளும் பெரும்பாலான நிரல்களுக்குச் சைன், கோசைன் தேவைப்படவும் இல்லை. வேண்டுவோர் மட்டும் கேட்டு இணைத்துக்கொள்ளும் ஏற்பாடு அச்சூழலுக்குப் பொருந்தியது.

இன்று எல்லா அமைப்புகளும் இதைப் பின்பற்றுவதில்லை. மேக் ஓஎஸ் இயங்குதளத்தில் கணிதச் செயற்கூறுகள் அடிப்படை அமைப்பு நூலகத்தின் பகுதியாகவே உள்ளன. விண்டோசில் விசுவல் சி++ தொகுப்பியும் அவற்றைத் தன் இயக்க நூலகத்திலேயே வைத்திருக்கிறது. ஆல்பைன் லினக்சு பயன்படுத்தும் 'மசல்' நூலகத்திலும் அனைத்தும் ஒன்றாகவே உள்ளன. பெரும்பாலான லினக்சு வழங்கல்களில் உள்ள ஜிலிப்சி, 2021-இல் வெளியான 2.34 பதிப்பில் லிப்பித்ரெட், லிப்டிஎல் போன்ற தனி நூலகங்களை லிப்சிக்குள் சேர்த்துக்கொண்டது. லிப்எம் மட்டும் தனியாகவே நீடிக்கிறது.

சி++ நிரல்களைத் தொகுக்கும் 'ஜி++' கட்டளை லிப்எம் நூலகத்தைத் தானாகவே இணைத்துக்கொள்ளும். மேனிலைப் பள்ளியில் சி++ படித்துவிட்டுக் கல்லூரியில் லினக்சில் சி எழுதத் தொடங்கும் மாணவர் இந்தப் பிழையை முதன்முதலாகச் சந்திப்பது இதனாலேயே.

புற நூலகம்: ஜிஎஸ்எல்

லிப்எம் இயங்குதளத்துடனேயே வருவது. அதற்கு அப்பால் அணிகள், தொகையீடு, புள்ளியியல், சிறப்புச் சார்புகள் ஆகியவற்றுக்குத் தனியே நிறுவ வேண்டிய புற நூலகங்கள் உள்ளன. அவற்றுள் நன்கு அறியப்பட்டது குனூ அறிவியல் நூலகம் என்னும் ஜிஎஸ்எல். அமெரிக்காவின் லாசு அலமோசு தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் கலாசி, ஜேம்சு தீலர் ஆகிய இயற்பியலாளர்கள் 1996-இல் இதைத் தொடங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கூறுகள் இதில் உண்டு. இது குனூ பொது மக்கள் உரிமத்தின் கீழ் வருவதால், இதனுடன் இணைத்த நிரலைப் பிறருக்கு வழங்கும்போது அந்த உரிமத்தின் கட்டுப்பாடுகளையும் பின்பற்ற வேண்டும்.

வட்டமான தோற்பரப்பின் அதிர்வு போன்றவற்றை ஆராய உதவும் பெசல் சார்பை எடுத்துக்கொள்வோம். நிரலின் தொடக்கத்தில் எழுத வேண்டியது:

#இன்க்ளூட் <ஜிஎஸ்எல்/ஜிஎஸ்எல்_எஸ்எஃப்_பெசல்.எச்>

செயற்கூறின் பெயர் ஜிஎஸ்எல்_எஸ்எஃப்_பெசல்_ஜே0. தொகுக்கும் கட்டளை:

ஜிசிசி பெசல்.சி -ஓ பெசல் -எல்ஜிஎஸ்எல் -எல்ஜிஎஸ்எல்சிபிளாஸ் -எல்எம்

5.0 என்ற மதிப்புக்கு -0.177596771 என்ற விடை வந்தால் எல்லாம் சரியாக அமைந்துள்ளது என்று கொள்ளலாம்.

டெபியன், உபுண்டு வழங்கல்களில் 'லிப்ஜிஎஸ்எல்-டெவ்' என்ற பொதியை நிறுவினால் தலைப்புக் கோப்புகளும் நூலகமும் வழக்கமான இடங்களுக்கு வந்துவிடும். வேறு அடைவில் நிறுவியிருந்தால் இரண்டு இடங்களையும் தனித்தனியே சொல்ல வேண்டும். பெரிய ஐ எழுத்துடன் வரும் '-ஐ' தெரிவு தலைப்புக் கோப்புகள் உள்ள அடைவைக் காட்டும். பெரிய எல் எழுத்துடன் வரும் '-எல்' தெரிவு நூலகம் உள்ள அடைவைக் காட்டும். முன்னது முன்செயலிக்கு, பின்னது இணைப்பிக்கு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்டால் வேலை பாதியில் நிற்கும். இத்தெரிவுகளை நினைவில் வைக்க வேண்டாம் என்பவர்கள் 'பிகேஜி-கான்ஃபிக்' கருவியிடம் கேட்டுப் பெறலாம்.

ஒரே அறிவிப்பு, வேறு நூலகம்

மேற்கண்ட கட்டளையில் உள்ள ஜிஎஸ்எல்சிபிளாஸ் என்பது அணி, திசையன் கணக்குகளுக்கான 'பிளாஸ்' செயற்கூறுகளின் ஓர் ஆக்கம். பிளாஸ் என்பது செயற்கூறுகளின் பெயர்களையும் வடிவத்தையும் வரையறுக்கும் ஒரு பொது ஏற்பாடு. அதன் முதல் தொகுதி 1979-இல் கட்டுரையாக வெளியிடப்பட்டது. அதே வரையறைக்குப் பலரும் பலவிதமாகக் குறிமுறை எழுதியுள்ளனர். கசுசிகே கோட்டோ எழுதிய கோட்டோபிளாஸ் நூலகத்திலிருந்து வளர்ந்த ஓப்பன்பிளாஸ் அவற்றுள் ஒன்று.

கட்டளையில் -எல்ஜிஎஸ்எல்சிபிளாஸ் என்பதற்குப் பதிலாக -எல்ஓப்பன்பிளாஸ் என்று எழுதினால், நிரலில் ஒரு வரியும் மாறாமல் பெரிய அணிகளின் பெருக்கல் பன்மடங்கு விரைவாக நடக்கும். ஒரு தேற்றத்துக்குப் பல நிரூபணங்கள் இருக்கலாம், கூற்று ஒன்றுதான். அறிவிப்பையும் ஆக்கத்தையும் பிரித்து வைத்ததன் முழுப் பயன் இங்கே தெரிகிறது.

ஓசையின்றி வரும் பிழைகள்

நூலகத்தை இணைக்க மறந்தால் இணைப்பி உரக்கச் சொல்லிவிடும். நிரலே உருவாகாது என்பதால் தீங்கு எதுவும் இல்லை. தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறப்பது அதைவிட ஆபத்தானது.

பழைய சி மொழியில், அறிவிக்கப்படாத செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று தொகுப்பி தானாக எண்ணிக்கொள்ளும். 1999-ஆம் ஆண்டுத் தரநிலை இவ்விதியை நீக்கியது. எனினும் ஜிசிசி நீண்ட காலம் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 2024-இல் வெளியான 14-ஆம் பதிப்பில்தான் இதை இயல்பாகவே பிழையாக்கியது. அதற்கு முந்தைய தொகுப்பி உள்ள கணினியில், பெசல் தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் எழுதிய நிரல் தொகுக்கப்பட்டுவிடும். நூலகமும் சரியாக இணையும். நிரலும் ஓடும். விடை மட்டும் தவறாக இருக்கும்.

காரணம் எளிது. இன்றைய 64 பிட்டு கணினிகளில் முழு எண்களும் மிதவைப்புள்ளி எண்களும் செயலியின் வெவ்வேறு பதிவகங்களில் அனுப்பப்படுகின்றன. நூலகம் விடையை ஓரிடத்தில் வைக்கிறது. முன்வடிவம் தெரியாத நிரலோ இன்னோரிடத்தில் கிடப்பதை எடுத்துக்கொள்கிறது. இணைப்பி இதைத் தடுக்காது. சி மொழியில் அது பெயரை மட்டுமே ஒப்பிடும், வகையை ஒப்பிடாது. வகையைச் சரிபார்க்கும் ஒரே இடம் தலைப்புக் கோப்பு.

தவறான செயற்கூறைத் தேர்ந்தாலும் இதே நிலைதான். 'ஏபிஎஸ்' என்பது முழு எண்ணின் மட்டு மதிப்பைத் தருவது. சி மொழியில் அதனிடம் -0.7 என்று கொடுத்தால் பின்னப் பகுதி வெட்டப்பட்டு 0 என்றே விடை வரும். பின்ன எண்களுக்கு மேத்.எச் கோப்பிலுள்ள 'எஃப்ஏபிஎஸ்' பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது வகை, ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஒரே கணினியில் இருப்பது. ஒரு பதிப்பின் தலைப்புக் கோப்பும் வேறு பதிப்பின் நூலகமும் சேர்ந்துவிட்டால், பெயர்கள் பொருந்தும், உள்ளமைப்பு பொருந்தாமல் போகலாம். -ஐ, -எல் தெரிவுகள் ஒரே நிறுவலின் அடைவுகளைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது நலம்.

இவற்றைத் தடுக்க இரண்டு பழக்கங்கள் உதவும். '-டபிள்யூஆல்' தெரிவுடன் தொகுத்து, வரும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து நிரலைச் சோதிக்க வேண்டும். 16-இன் வர்க்கமூலம் 4 என்று வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆய்வேட்டிலோ கட்டட வடிவமைப்பிலோ தவறான எண் ஏறிய பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

பிழைச் செய்தியும் தீர்வும்

- "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று .எச் கோப்பைக் குறித்து வந்தால்: முன்செயலிக் கட்டம். நூலகத்தின் 'டெவ்' பொதி நிறுவப்படவில்லை, அல்லது -ஐ தெரிவு தேவை.
- "இம்ப்ளிசிட் டெக்ளரேஷன்" என்று வந்தால்: தொகுப்பிக் கட்டம். தலைப்புக் கோப்பு சேர்க்கப்படவில்லை, அல்லது செயற்கூறின் பெயரில் எழுத்துப்பிழை.
- "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று வந்தால்: இணைப்பிக் கட்டம். நூலகம் குறிப்பிடப்படவில்லை, அல்லது வரிசை தவறு.
- "கேனாட் ஃபைண்ட் -எல்ஜிஎஸ்எல்" என்று வந்தால்: இணைப்பிக் கட்டம். நூலகம் நிறுவப்படவில்லை, அல்லது அதன் அடைவைக் காட்ட பெரிய எல் தெரிவு தேவை.
- "எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று வந்தால்: தொகுத்தல் முடிந்துவிட்டது. ஓடும் நேரத்தில் பகிர்வு நூலகம் கிடைக்கவில்லை.

கடைசி வகை, மூலநிரலிலிருந்து தாமே நூலகத்தை நிறுவியவர்களுக்கு அதிகம் நேர்வது. ஜிஎஸ்எல் அவ்வாறு நிறுவப்படும்போது இயல்பாக 'யூஎஸ்ஆர்/லோக்கல்' அடைவின் கீழ் செல்லும். நிறுவிய பின் நிர்வாகி உரிமையுடன் 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால், இயங்குதளம் புதிய நூலகத்தைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். நிர்வாகி உரிமை இல்லாத கல்லூரிக் கணினிகளில், 'எல்டி_லைப்ரரி_பாத்' என்ற சூழல் மாறியில் நூலகத்தின் அடைவைக் குறிப்பிடலாம். 'எல்டிடி' என்ற கட்டளையிடம் நிரலின் பெயரைக் கொடுத்தால், அந்நிரலுக்குத் தேவையான பகிர்வு நூலகங்கள் எவை, அவை எங்கே கிடைக்கின்றன, எது கிடைக்கவில்லை என்ற பட்டியலைத் தரும்.